அரைநாள் படிப்பு போதுமா?

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் கல்வி அளிப்பது சர்க்காரின் கடமை என்று நமது அரசியல் சட்டத்தின் 21-ஏ ஷரத்து விதிக்கிறது. 2002ஆம் வருஷத்தில் நிறைவேறிய 86ஆவது திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட ஷரத்து அது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொருட்டு இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ‘ஒவ்வொரு குழந்தையும்’ என்ற சொல்லுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. காது கேளாத குழந்தை, கண் பார்வையற்ற குழந்தை, மூளை முடக்குவாதத்தினால் நடக்க இயலாத குழந்தை, ஆட்டிஸம் உள்ள குழந்தை, அறிவு வளர்ச்சி மந்தப்பட்ட குழந்தை ஆகிய எல்லோரும் அச்சொல்லுக்குள் அடங்கியவர்களே. ஆயினும் இக்குழந்தைகளைப் பெற்றவர்களை விசாரித்தால் அவர்கள் சொல்லும் விவரம் வேறாக இருக்கிறது.

‘பெயரைப் பதிவு செய்து கொள்கிறோம், ஆனால் மத்தியானத்துக்குள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்’ என்கிறது ஒரு பள்ளிக்கூடம். ‘தாயார் கூடவே வகுப்பில் உட்கார்ந்திருப்பதானால் சேர்த்துக் கொள்கிறோம்’ என்கிறது மற்றொன்று. ‘உங்கள் சொந்தச் செலவில் துணைக்கு ஓர் ஆசிரியரை அமர்த்திக் கொள்ளுங்கள்’ என்பது பட்டணத்துத் தனியார் பள்ளியின் நிபந்தனை. ‘குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும், அவ்வப்போது ஆள் அனுப்பிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம்’ என்பது சர்க்கார் தரப்பிலிருந்து வரும் ஆறுதல் வார்த்தை. இவற்றில் எதுவும் ‘சேர்க்க மாட்டோம்’ என்ற நேரான மறுப்பு அன்று. மறுக்காமலே மறுத்துவிடும் உபாயம் இது. வெளிப்படையாக மறுத்தால் சட்டம் குறுக்கிடும். பாதி நாள் வைத்துக்கொண்டு பாதி நாள் துரத்திவிட்டால் பதிவேட்டில் குழந்தை இருக்கும், வகுப்பில்தான் இருக்காது. கல்வி இலாகாவின் கணக்குக்கும் குறைவு நேராது. குறைவெல்லாம் குழந்தைக்கே.

மணிக் கணக்கு

இந்தக் குறைவின் அளவு எவ்வளவு என்பதைப் பொதுஜனங்கள் அறிந்துகொள்வது அவசியம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் பாடமும் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 220 நாட்கள், 1,000 மணி நேரம். தினந்தோறும் பாதி வேளையில் ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் ஆரம்ப வகுப்புகளில் அது வருஷத்துக்கு 400 மணி நேரத்தை இழக்கிறது. ஐந்து வருஷங்களில் 2,000 மணி. அதாவது, ஐந்து வருஷம் படித்ததாகப் பதிவேடு சொல்லும் குழந்தை உண்மையில் இரண்டரை வருஷந்தான் படித்திருக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் முறையிலோ நிலைமை இன்னும் பரிதாபமானது. வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது வாரங்களில் 80 மணி நேரமே ஆகிறது. சட்டம் கொடுத்த 800 மணியில் இது பத்தில் ஒரு பங்கு.

மற்றக் குழந்தைகளைவிட அதிக நேரமும் அதிகக் கவனமும் எந்தக் குழந்தைக்குத் தேவையோ, அந்தக் குழந்தைக்கே மிகக் குறைந்த நேரத்தை ஒதுக்குகிறோம். வைத்தியசாலையில் நோய் முற்றியவனுக்கு மருந்தைக் குறைத்துக் கொடுப்பார் உண்டோ?

இப்படிப் பாதிக்கப்படும் குழந்தைகள் சொற்பம் என்று நினைத்துவிடலாகாது. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தேசத்தில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோ, இந்தியாவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியைக் குறித்து 2019ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகள் 78 லட்சத்துக்கு மேல் என்றும், அவர்களில் ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினரும், ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் நான்கில் ஒரு பங்கினரும் எந்தக் கல்விச் சாலைக்கும் போகவில்லை என்றும் அது எடுத்துக் காட்டியது. போகிறவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்களுக்குள்ளும் முழு நாள் படிப்பவர் எத்தனை பேர் என்பதைப் பதிவேடு காட்டாது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப் போடப்பட்டதால், அந்தப் பழைய புள்ளியையே பல காலம் நம்பித் திட்டம் வகுக்க நேர்ந்தது.

சட்டம் சொல்வது என்ன?

சட்டத்தில் குறை இருப்பதால்தான் இந்தக் கஷ்டம் என்று சிலர் எண்ணலாம். அது சரியன்று. குழந்தைக்குச் சாதகமான சட்டம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. அதற்கிணங்கப் பார்லிமெண்டு இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் வருஷத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19ஆம் தேதி முதல் அமுலில் இருக்கிறது. 1995ஆம் வருஷத்துப் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஒப்புக்கொண்டது. இச்சட்டம் ஆட்டிஸம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து இருபத்தொன்றை ஒப்புக்கொள்கிறது.

அதன் 16ஆவது பிரிவு சர்க்காரின் பண உதவி பெறும் பள்ளிகளை மட்டுமின்றி, சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அனைத்தையும் கட்டுப்படுத்துகிறது. பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிடமும் இதர வசதிகளும் குழந்தை எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும். அவரவர் தேவைக்கேற்ற மாறுதல்களைச் செய்து தர வேண்டும். குழந்தையின் கல்வியும் சமூகப் பழக்கமும் முழு அளவில் வளரும்படி தனிப்பட்ட உதவி அளிக்க வேண்டும். பாடங்களில் அதன் முன்னேற்றத்தைக் கவனித்து வர வேண்டும். போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும். மிகுந்த துணை தேவைப்படும் குழந்தையானால், உடன் வருபவருக்கும் அவ்வசதி உண்டு. தாயார் உடனிருந்தால்தான் படிப்பு என்றோ, பெற்றோர் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால்தான் இடம் என்றோ அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. உதவி செய்யும் பொறுப்பைச் சட்டம் பள்ளியின் தலையில் வைத்தது. பள்ளியோ அதைத் தாயின் தலைக்கு மாற்றிவிடுகிறது.

31ஆவது பிரிவு மேலும் ஒரு படி செல்கிறது. சட்டம் குறிப்பிடும் அளவான நாற்பது சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தை, ஆறு முதல் பதினெட்டு வயது வரையில், அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசக் கல்வி பெறும் உரிமையுடையது. மற்றக் குழந்தைகளுக்குப் பதினான்கு வயதோடு நின்றுவிடும் உரிமை இவர்களுக்குப் பதினெட்டு வரை நீள்கிறது. சான்றிதழில் நாற்பது சதவிகிதம் எட்டவில்லை என்பதற்காகக் கற்றல் குறைபாடுள்ள குழந்தையைக் கைவிடவும் இயலாது. 16ஆவது பிரிவின் கடமைகளுக்கு அந்தச் சதவிகித வரம்பு கிடையாது. சேர்க்கைக்கு முன் குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சிப்பதைக் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாயும், பின்னர் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாயும் வரை அபராதம் உண்டு.

வீட்டுக் கல்வி யாருடைய விருப்பம்?

இவ்வளவு இருந்தும் குழந்தை வீட்டில் இருப்பதற்குச் சட்டத்தின் பெயரையே காரணம் காட்டுகிறார்கள். 2012ஆம் வருஷத்தில் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பலவகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தையை மனத்தில் கொண்டு, நல்ல எண்ணத்தோடுதான் அதைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் அந்த வாசகத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். தெரிந்துகொள்ளும் உரிமை அங்கே குழந்தைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைமை ஆசிரியருக்கோ வட்டார வள மையத்துக்கோ அன்று. உரிமை என்பது உடையவன் விரும்பினால் எடுத்துக்கொள்வது. பிறர் அதை அவன் மேல் சுமத்தினால் அதற்குத் தண்டனை என்றுதான் பெயர்.

பள்ளியில் சரிவுப் பாதை இல்லை, கழிப்பறை இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, வண்டி இல்லை என்ற நிலையில் பெற்றோர் ‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால், அதை விருப்பம் என்று யார் சொல்வார்? வேறு வழியற்றவனுடைய சம்மதம் சம்மதமாகாது. வீட்டில் வைக்கப்பட்ட குழந்தைக்குப் பாடம் குறைவது ஒரு நஷ்டம். சகாக்கள் இல்லாமற் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். பேச்சு தாமதப்பட்ட குழந்தை பேசக் கற்றுக்கொள்வதும், கூட்டத்தைக் கண்டு மிரளும் குழந்தை கூட்டத்தோடு பழகுவதும் வேறு குழந்தைகளின் நடுவில்தான். வீட்டின் நான்கு சுவர்களுக்குள் எவ்வளவு கெட்டிக்காரப் பயிற்றுநர் வந்தாலும் அதைத் தர முடியாது.

இதனால் குடும்பத்துக்கு நேரும் கஷ்டமும் சாமான்யமானதன்று. மத்தியானம் குழந்தையை அழைத்துவர வேண்டிய தாய் எந்த வேலைக்குப் போக முடியும்? கூலி வேலை செய்பவள் அதை விட வேண்டும். சம்பள உத்தியோகம் பார்ப்பவள் ராஜினாமாச் செய்ய வேண்டும். குழந்தையின் வைத்தியத்துக்கும் பயிற்சிக்கும் அதிகப் பணம் வேண்டியிருக்கும் வீட்டில், உள்ள வருமானத்திலும் பாதி போகிறது. முழு நாள் பள்ளி என்பது குழந்தையின் படிப்புக்கு மட்டுமல்லாமல் அந்தக் குடும்பத்தின் ஜீவனத்துக்கே ஆதாரம் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் உணர வேண்டும்.

ஆசிரியர் எங்கே?

பள்ளிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியை, தமக்குப் பயிற்சியே இல்லாத ஒரு துறையில், தனிக் கவனம் தேவைப்படும் குழந்தையையும் எப்படிக் கவனிப்பார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் குழந்தையிடம் கேட்கக் கூடாது, சர்க்காரிடம் கேட்க வேண்டும்.

2019-20ஆம் வருஷத்துப் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரப்படி, தேசத்தின் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் 22.5 லட்சம், சிறப்புப் பயிற்றுநர்கள் 28,535. ஒரு பயிற்றுநருக்கு ஏறக்குறைய எழுபத்தொன்பது குழந்தைகள். அவர்களும் ஒரே பள்ளியில் இருப்பவர்கள் அல்லர். வட்டாரத்திலுள்ள பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அந்த ஒருவரே சுற்றி வர வேண்டும். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு இந்த அநீதியைக் கவனித்து, எத்தனை குழந்தைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர் என்ற விகிதத்தை நிர்ணயித்து, அதற்குத் தக்கபடி நிரந்தர உத்தியோகங்களை ஏற்படுத்தும்படி உத்தரவிட்டது. 2022ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அந்த விகிதத்தை வகுத்தது: ஐந்தாம் வகுப்பு வரை பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர்.

பதினைந்துக்கு ஒருவர் என்ற தாராளமில்லாத கணக்கை வைத்துக்கொண்டாலும் 22.5 லட்சம் குழந்தைகளுக்கு ஒன்றரை லட்சம் பயிற்றுநர்கள் வேண்டும். இருந்தவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தகுதி பெற்றவர்கள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் அதிக இடமில்லை. இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்ஸிலில் பதிவு செய்துகொண்ட சிறப்புப் பயிற்றுநர்கள் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருப்பதாக அந்த வழக்கு நடந்த காலத்திலேயே கணக்கு இருந்தது. ஆள் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நிரந்தர உத்தியோகந்தான் இல்லை. வருஷாவருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, சொற்பத் தொகுப்பூதியம் கொடுத்து வேலை வாங்கினால், பயிற்சி பெற்றவர் வேறு பிழைப்பைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்? குழந்தை ஒருவரோடு பழகி அவரை நம்பத் தொடங்கும் வேளையில் அவர் போய்விடுகிறார். ஆட்டிஸம் உள்ள குழந்தைக்கு இந்த மாறுதல் எவ்வளவு பெரிய அடி என்பது அக்குழந்தையை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

தீர்ப்பு வந்து மூன்று வருஷங்களுக்கு மேல் ஆகியும் மாகாணங்களில் பெரும்பாலானவை உத்தியோகங்களைச் சிருஷ்டிக்கவில்லை என்று கண்டு, 2025ஆம் வருஷம் மார்ச் 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு ராஜ்ய சர்க்காரும் தேவையான உத்தியோகங்களின் எண்ணிக்கையைக் குறுகிய கெடுவுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தத்தில் நெடுநாள் உழைத்து வருபவர்களின் தகுதியைக் குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்றும் அது கூறியது. ஒரே விஷயத்துக்கு உச்ச நீதி ஸ்தலம் இரண்டு தடவை உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே நிர்வாகத்தின் மனப்போக்கைக் காட்டப் போதுமானது.

பணம் இல்லையா?

‘எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?’ என்பது எப்போதும் வரும் கடைசிக் கேள்வி. 2018ஆம் வருஷத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் என்று தொகை வகுக்கப்பட்டது. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித் தொகை உண்டு. 3,500 ரூபாயை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட வரவில்லை. இதற்குள் உபகரணமும் பாட சாமான்களும் இன்னபிறவும் அடங்க வேண்டும். இந்தச் சிறு தொகையும் சில சமயம் உரிய காலத்தில் வந்து சேருவதில்லை. 2024-25ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காருக்கும் தமிழ்நாடு சர்க்காருக்கும் கல்விக் கொள்கையைப் பற்றி நேர்ந்த பிணக்கில், இத்திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பிணக்கில் எந்தத் தரப்பின் வாதம் சரி என்பது வேறு விஷயம். இரண்டு சர்க்கார்கள் வழக்காடும்போது, அத்திட்டத்தையே நம்பியிருக்கும் பயிற்றுநரின் ஊதியமும் குழந்தையின் உபகரணமும் பணயமாக வைக்கப்படக் கூடாது என்பதே நாம் வற்புறுத்துவது.

பணமின்மை என்ற வாதத்துக்கு அமெரிக்காவில் ஒரு நீதிபதி அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கூறிவிட்டார். 1972ஆம் வருஷத்தில் வாஷிங்டன் நகரத்தில் மில்ஸ் என்ற வழக்கில், பள்ளி நிர்வாகிகள் நிதி போதவில்லை என்று சொன்னபோது, போதாத நிதியின் சுமை சாதாரணக் குழந்தையைவிடக் குறைபாடுள்ள குழந்தையின் மேல் அதிகமாக விழக் கூடாது என்று அந்தக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பஞ்சம் வந்தால் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பலவீனமானவனை மட்டும் பட்டினி போடுவது தர்மமாகாது. அப்போது அந்நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளிகளில் இடமில்லாமல் வெளியே இருந்தார்கள் என்று அவர்களுடைய சட்டசபையே ஒப்புக்கொண்டது. 1975ஆம் வருஷத்தில் அவர்கள் இயற்றிய சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் தயாரிக்க வேண்டும் என்றும், பெற்றோர் அதில் கலந்துகொள்ளவும் அதை எதிர்த்து முறையிடவும் உரிமையுண்டு என்றும் விதித்தது.

இங்கிலாந்தில் 1971 வரையில் சில குழந்தைகளைக் ‘கல்விக்கு லாயக்கற்றவர்கள்’ என்று முத்திரை குத்திப் பள்ளிக்கு வெளியே வைக்கும் வழக்கம் சட்டப்படியே இருந்தது. அங்கே 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி, மிகுந்த உதவி தேவைப்படும் குழந்தைக்கு இன்ன உதவி, இத்தனை மணி, இந்தப் பள்ளி என்று எழுதிய திட்டம் தரப்படுகிறது. கோரிக்கை வந்து இருபது வாரங்களுக்குள் அதை முடித்துத் தர வேண்டும். எழுதிய உதவியை அளிப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் கட்டாயக் கடமை. அளிக்காவிடில் கோர்ட்டுக்குப் போகலாம். திட்டமே போதாவிடில் தனி டிரிப்யூனலுக்கு அப்பீல் செய்யலாம். அங்கும் கெடு தவறுவதும், பெற்றோர் அலைவதும், ஸ்தல ஸ்தாபனங்கள் கடன்படுவதும் உண்டு. வக்கீல் வைக்க வசதியுள்ளவர்களே அதிகப் பயன் அடைகிறார்கள் என்ற குறையும் உண்டு. ஆயினும் எழுத்தில் மணிக்கணக்கு இருப்பதால், எது கொடுக்கப்படவில்லை என்பதையாவது பெற்றோர் விரல் விட்டுச் சொல்ல முடிகிறது. நம்முடைய சட்டத்தில் தனிப்பட்ட உதவி என்ற சொல் இருக்கிறது. எவ்வளவு, யார், எப்போது என்று எழுதித் தரும் காகிதம் இல்லை. கேட்கும் உரிமை இருந்தும் அளவு இல்லாததால் அது காற்றில் போகிறது.

செய்ய வேண்டியது

இக்குழந்தைகளின் கல்வியைத் தர்ம கைங்கரியமாக எண்ணும் பழைய மனோபாவம் முதலில் ஒழிய வேண்டும். பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகளை நிறுவிய பாதிரிப் பெண்மணிகளும், பின்னர் சென்னை முதலிய இடங்களில் தனி ஸ்தாபனங்களை வளர்த்தவர்களும் செய்த தொண்டு போற்றத்தக்கது. ஆனால் பிறருடைய கருணையை எதிர்பார்த்திருப்பது ஒன்று, பாத்தியதையோடு பெறுவது வேறொன்று. 1944ஆம் வருஷத்தில் அந்நிய ஆட்சியின் கீழ் வெளிவந்த ஸார்ஜெண்டு அறிக்கையே, குறைபாடுள்ளோரின் கல்வி தேசியக் கல்வி முறையின் அவசியமான பகுதியாக இருக்க வேண்டும் என்று கூறியது. எண்பது வருஷங்கள் கழிந்த பின்பும் அக்கல்வியில் ஒரு பகுதி கல்வி இலாகாவிடமும், மற்றொரு பகுதி மாற்றுத்திறனாளிகள் நல இலாகாவிடமும் பிரிந்து கிடக்கிறது. சாதாரணப் பள்ளி ஓர் இலாகா, சிறப்புப் பள்ளி வேறோர் இலாகா. பெற்றோர் ஒரு வாசலில் கேட்டால் மற்ற வாசலைக் கை காட்டுகிறார்கள். படிப்பு எங்கே நடந்தாலும் அதற்குக் கல்வி இலாகாவே முழுப் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு குழந்தைக்கும் மணிக்கணக்குடன் கூடிய கல்வித் திட்டத்தைப் பெற்றோரைக் கலந்து எழுதிக் கொடுக்கும் முறையை ராஜ்ய சர்க்கார் விதியாகவே செய்ய வேண்டும். வீட்டுக் கல்வி பெற்றோர் எழுதிக் கேட்டால் மட்டுமே அளிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை மறுபரிசீலனை செய்து, பள்ளிக்குத் திரும்பும் வழியைக் காட்ட வேண்டும். மூன்றாவதாக, சுப்ரீம் கோர்ட்டின் விகிதப்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை உத்தியோகங்கள், எத்தனை காலி என்பதை வருஷந்தோறும் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வகுப்பாசிரியருக்கும் பயிற்சி அவசியம். சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார் என்பதற்காக வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையைக் கண்ணெடுத்துப் பாராமல் இருந்தால், ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள் நடப்பதாகவே முடியும்.

சிறப்புப் பள்ளிகளை அடியோடு மூடிவிட வேண்டும் என்பதும் நமது கட்சியன்று. சைகை மொழியிலே வளரும் காது கேளாத குழந்தைகளுக்கும், இடைவிடாத துணை தேவைப்படும் சிலருக்கும் அவை இன்றும் பேருதவியாக இருக்கின்றன. சட்டமும் அந்த விருப்பத்தைக் குழந்தைக்கே விட்டிருக்கிறது. நல்ல சிறப்புப் பள்ளியும் நல்ல பொதுப் பள்ளியும் இருந்து, இரண்டில் ஒன்றைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் அது விருப்பம். இரண்டும் இல்லாமல் திண்ணை மட்டுமே மிஞ்சினால் அது விருப்பமாகாது.

பொது ஊழியர்களின் கடமை

சர்க்கார் செய்யும் வரையில் பொது ஊழியர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊர் தோறும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. பெற்றோரில் பெரும்பாலோர் வாய்மொழியாகவே கேட்டு, வாய்மொழியாகவே மறுக்கப்பட்டுத் திரும்பி விடுகிறார்கள். அதற்குத் தடயமே இல்லாமற் போகிறது. சேர்க்கை வேண்டுமென்றும், முழு நாளும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றும், இன்ன உதவி வேண்டுமென்றும் தேதியிட்டு எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். பாதி நாளில் அனுப்புவதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தரச் சொன்ன மாத்திரத்தில் பல நிபந்தனைகள் மறைந்து போவதை அனுபவத்தில் காணலாம்.

அதற்கும் பலன் இல்லாவிடில், 2017ஆம் வருஷத்து மத்திய விதிகளின்படி ஜில்லாக் கல்வி அலுவலகத்தில் இக்குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிப்பதற்கென்றே ஒரு பொறுப்பதிகாரி இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டு அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் நியமிக்கப்படவில்லையென்றால் அதுவே ஒரு புகார். அடுத்தபடியாக மாற்றுத்திறனாளிகளுக்கான ராஜ்யக் கமிஷனர் இருக்கிறார். சாட்சிகளை வரவழைக்கவும் தஸ்தாவேஜுகளைத் தருவிக்கவும் அவருக்கு ஸிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. அவர் சிபாரிசு செய்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிடில் காரணம் கூற வேண்டும். சிபாரிசு கட்டளையாகாது என்பது சட்டத்தின் பலவீனமே. சட்டத்தை மீறியவருக்கு முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாது என்பதும் பலவீனமே. ஆயினும் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போடும்போது இந்தக் காகிதங்கள் பெரும் பலமாக நிற்கும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்குப் பாத்தியமுடையவர்கள்.

தகவல் அறியும் சட்டமும் கைக்கு அடக்கமான ஆயுதம். நமது வட்டாரத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் வீட்டுக் கல்வியில் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் எழுதிக் கேட்டால், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைச் சேர்த்து வைத்தால் இலாகாவின் கணக்கைவிட உண்மையான கணக்கு நம் கையில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்குழுவின் கூட்டத்தில் இவ்விஷயத்தை எழுப்பித் தீர்மானம் நிறைவேற்றுவது எந்த ஊரிலும் கைகூடும் காரியந்தான். மற்றப் பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று முன்கூட்டியே பயப்பட வேண்டியதில்லை. ஒரு குழந்தைக்கு வரும் இரண்டாவது ஆசிரியர் அந்த வகுப்பு முழுவதற்குமே துணையாவார் என்பதை எடுத்துச் சொன்னால், புரிந்துகொள்ளாதவர் சிலரே இருப்பர்.

குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோர் தனித்தனியாகப் போராடி அலுத்துப் போகிறார்கள். இரவில் விழித்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் பகலில் அலுவலகங்களின் படியேறுகிறார்கள். இந்தச் சுமையைப் பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது, தங்கள் ஊரில் எந்தக் குழந்தை வீட்டில் நிற்கிறது, எந்தக் குழந்தை மத்தியானத்திலேயே திரும்புகிறது என்பதை அவர்கள் விசாரிக்கட்டும். மற்றக் குழந்தைகளுக்கு அடிக்கும் கடைசி மணி வரையில் அந்தக் குழந்தையும் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. சட்டம் ஏற்கெனவே தந்துவிட்டதைத்தான் கேட்கிறோம். அதைத் தர இன்னொரு தீர்ப்பு வரும் வரை சர்க்கார் காத்திருக்கலாகாது.